ஊசியா, மிஷினா, தையற்கடையா: வேலைக்குப் போகும் அம்மாவின் வாரத்துக்கு எது ஒத்துவரும்?

2026 தீபாவளி நவம்பர் 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஜூலை மாத முதல் ஞாயிறிலிருந்து எண்ணினால் கையில் 18 வாரம். எங்கள் வீட்டில் இந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் போடுவேன். மூன்று பிள்ளைகள்: ஒன்பது வயதில் பெரியவள், ஆறு வயதில் பையன், இரண்டு வயதில் சின்னவள். அத்தை எங்களோடு இருக்கிறார். குடியிருப்பது மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில். என் வேலை பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். கணவரும் வேலைக்குப் போகிறார்.

தைக்கவும் தெரியும், பின்னவும் தெரியும். இரண்டுமே எனக்கு உயிர். என் கையால் செய்த பாவாடையைக் கட்டிக்கொண்டு பெரியவள் கோயில் படியேறுவதைப் பார்க்கும்போது வருகிற நிறைவை வேறு எதுவும் எனக்குத் தருவதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்துக்குள் திணிக்கப் பார்த்து, இரண்டும் பாதியில் நின்று, பிள்ளைகளிடம் எரிந்து விழுந்த வருடங்களும் உண்டு. அதனால்தான் இந்த ஒப்பீடு. வேலையிடத்தில் தங்கைகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: "அக்கா, நானும் பிள்ளைக்குக் கையால ஏதாவது செய்யணும்னு ஆசைப்படுறேன், எதுல இறங்கலாம்?" அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக நாம் யோசிக்கும் முறை, "எது எனக்குப் பிடிக்கும், எதில் காசு மிச்சம்" என்பது. நான் தொடங்கச் சொல்வது வேறு இடத்திலிருந்து. உங்களுக்குக் கிடைக்கும் நேரம் என்ன அளவுத் துண்டுகளாகக் கிடைக்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

நான் ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். தொழிற்சாலைப் பேருந்தில் போக 40 நிமிடம், வர 40 நிமிடம். ஐந்து நாளைக்கு 400 நிமிடம். பெரியவளின் டியூஷன் வாசலில் செவ்வாயும் வியாழனும் அரை மணி நேரம். இரவில் சின்னவள் கண்ணயரும் வரை பக்கத்தில் உட்காரும் 20 நிமிடம், ஏழு நாளும். ஞாயிறு மதியம் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை மூன்று மணி நேரம். மொத்தம் 780 நிமிடம், அதாவது 13 மணி நேரம். எனக்கே நம்ப முடியவில்லை. "நேரமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு வாரத்தில் 13 மணி நேரம் இருந்திருக்கிறது. ஆனால் அதில் பத்து மணி நேரம் துணுக்குத் துணுக்காகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே வீச்சாக இருப்பது அந்த ஞாயிறு மூன்று மணி நேரம் மட்டும்தான்.

தையல் மிஷினுக்குத் துணுக்கு நேரம் ஆகாது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மிஷினைத் தூக்கி வைத்து, பாபினில் நூல் சுற்றி, அயன் பெட்டியைச் சுட வைப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். எடுத்து வைக்க இன்னொரு கால் மணி. நடுவில் குழந்தை அழுதால் மிதியிலிருந்து காலை எடுத்தே ஆக வேண்டும். பின்னலுக்கு அந்தத் தொல்லை இல்லை. பையிலிருந்து எடு, இரண்டு வரிசை போடு, பேருந்து நின்றதும் உள்ளே வை.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆறு வயதுப் பையனுக்குக் கையில்லாத பின்னல் சட்டை. மார்புச் சுற்று 60 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை என்ற அளவில் பின்னினால் ஒரு சுற்றுக்கு 120 கண்ணி. நீளம் 36 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வரிசை. 12,000 கண்ணி. நான் நிமிடத்துக்கு 20 கண்ணி போடுவேன். ஆக, பத்து மணி நேரம். பினாங்குப் பாலத்தைக் கடக்கும் நேரத்தில், நெரிசல் இல்லாத நாளில், இரண்டு சுற்று முடியும். மாலையில் வரும்போது உடம்பு அசந்துவிடும், அதையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வாரத்தில் ஒரு சட்டை. இதைப் பார்த்துவிட்டுப் பின்னல்தான் எனக்கு என்று முடிவு செய்து, இரண்டு வருடம் மிஷினைத் தொடவே இல்லை.

ஆனால் அந்தச் சட்டையை யார் போடுவது? இங்கே பகலில் 31, 32 டிகிரி வெயில். இரவிலும் 24, 25-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கம்பளி நூலின் இழைகளுக்கு நடுவே காற்று தங்கி உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். குளிர் நாட்டில் அதுதான் அதன் அருமை. நம் ஊரில் அதே அருமை பிள்ளைக்கு வேர்க்குருவாகிறது. நான் பையனுக்குப் பின்னிய முதல் கம்பளிச் சட்டையை அவன் மொத்தம் நான்கு தடவை போட்டான். அதில் மூன்று தடவை கேமரன் மலையில், ஒரே விடுமுறையில். அடுத்த வருடம் தோள் பிடித்தது.

இங்கே பின்ன வேண்டுமானால் பருத்தி நூல்தான். கடைகளில் 'காட்டன்' நூல் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். மூங்கில் நூல் கலந்ததும் கிடைக்கும், அது உடம்பில் நன்றாக வழிந்து விழும். ஆனால் பருத்திக்கு ஒரு குணம் உண்டு. கம்பளி இழுத்து விட்டால் திரும்பிச் சுருங்கும், பருத்தி திரும்பாது. துவைத்துக் காயப் போட்டால் ஈரத்தின் எடையிலேயே கீழே நீளும். இடுப்புப் பட்டை ஒரு மாதத்தில் தொங்கிப் போகும். அதனால் நூல் சுற்றியிருக்கும் தாளில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தால் நான் 3.5 எடுத்துக்கொள்கிறேன். மாதிரித் துண்டு ஒன்று பின்னி, நனைத்து, அடியில் இரண்டு துணிக் கிளிப்புகளை மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டு அதற்கப்புறம்தான் அளக்கிறேன். இந்த ஒரு வேலையைச் சோம்பாமல் செய்யுங்கள்.

பின்னல் என்று வந்தபின் இன்னொரு கிளைக் கேள்வி: இரண்டு ஊசியா, குரோஷாக் கொக்கியா? வீட்டில் நான்கு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் யோசிக்காமல் கொக்கியை எடுங்கள். ஊசிப் பின்னலில் அந்த வரிசையின் எல்லாக் கண்ணியும் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும். சின்னவள் ஒரு தடவை ஊசியை உருவிவிட்டாள். 120 கண்ணியையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கொக்கியில் எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். பிடுங்கினாலும் நாலைந்து கண்ணி பிரியும், அவ்வளவுதான். குழந்தை கூப்பிட்டால் அப்படியே கீழே வைத்துவிட்டுப் போகலாம். குரோஷாவில் நூல் கூடச் செலவாகும், துணியும் கொஞ்சம் தடிமன். ஆனால் ஓட்டை ஓட்டையாகப் பூ வேலை போட்டால் நம் வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கும்.

சரி, தையலுக்கு வருவோம்.

தையலில் என்னைத் திரும்ப இழுத்தது ஒரே காரணம்: தைத்ததைப் பிள்ளைகள் போடுகிறார்கள். பாவாடை சட்டை, ஜிப்பா, பருத்திக் கவுன், அத்தைக்கு வீட்டில் போடும் தொளதொள நைட்டி, எனக்குப் பஞ்சாபி சூட். எல்லாமே இந்த வெயிலுக்கும் நம் பண்டிகைக்கும் வேண்டியவை. தைப்பூசத்துக்கு மஞ்சள் பாவாடை, பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. பத்து மணி நேரத்தில் நான் ஒரு பின்னல் சட்டை முடிக்கும் இடத்தில் மூன்று பாவாடை தைத்துவிடுவேன். ஆறேழு வயதுப் பெண்ணுக்குப் பாவாடை மட்டும் என்றால் 115 சென்டிமீட்டர் அகலத் துணி ஒன்றரை மீட்டர் போதும்.

தடை நேரம்தான் என்று சொன்னேன். அதை எப்படிக் கடந்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் சொல்ல விரும்புவது.

ஒரு பிளவுஸைத் தைத்து முடிக்க எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். வெட்டுவதற்கு ஒரு மணி நேரம். மிஷினில் மூன்று மணி நேரம். மீதி இரண்டு மணி நேரம் முழுக்கக் கைவேலை: கழுத்துப் பட்டையை உள்பக்கம் ஹெம்மிங் செய்வது, கை விளிம்பு, ஹூக், அதற்கு நூல் வளையம், லைனிங்கைப் பிடித்து வைப்பது. இந்தக் கைவேலைக்கு மேசையும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அது பின்னலைப் போலவே பையில் போய்விடும்! பாவாடையிலும் அப்படித்தான், இரண்டரை மூன்று மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் கீழ் மடிப்பும் ஹூக்கும்.

இது புரிந்ததும் தையலை மூன்றாக உடைத்துவிட்டேன். ஒரு ஞாயிறு வெட்டுவது மட்டும். எத்தனை உருப்படியானாலும் அன்றைக்கு வெட்டுவதோடு சரி. அடுத்த ஞாயிறு மிஷின் வேலை மட்டும். அப்புறம் வாரநாள் துணுக்கு நேரத்தில் கைவேலை. ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு ஜிப் பை: வெட்டிய துணி, அதே நிற நூல், ஹூக், அளவு எழுதிய சீட்டு எல்லாம் அதற்குள். பையை எடுத்தால் வேலை தொடங்கிவிட வேண்டும். தேடுகிற நேரம்தான் நம்மைத் தின்கிறது.

வெட்டுவதைத் தனி நாளாக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வருடம் இரவு பதினொன்றரை மணிக்கு, எல்லோரும் தூங்கியபின், ஒரு பட்டுத் துணியை வெட்டினேன். முன்பக்கத் துண்டு இரண்டையும் இடது பக்கத்துக்கே வெட்டிவிட்டேன். அதே நிறத்தில் துணி மறுபடி கிடைக்கவில்லை. தையல் தப்பானால் பிரிக்கலாம், பின்னல் தப்பானால் உருவலாம். கத்தரிக்கோல் போன துணி போனதுதான். வெட்டும் வேலை பகல் வெளிச்சத்தில், வயிறு நிறைந்த நேரத்தில், பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளும்போது மட்டும். எங்கள் வீட்டில் அந்த மூன்று மணி நேரம் கணவர் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். நான் கேட்டுத்தான் வாங்கினேன். "ஞாயித்துக்கிழமை ரெண்டரைலேர்ந்து அஞ்சரை எனக்கு வேணுங்க" என்று நேராகக் கேட்டேன். அவரும் சரி என்றார். கேட்காமல் இருந்த வருடங்களில் அவர் செய்யவில்லை என்று மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். கேளுங்கள்.

அத்தை முதலில் இதற்கெல்லாம் ஒத்துவரவில்லை. "ஏம்மா, லெபோ பாசார்ல ரெடிமேடா தொங்குதே, எதுக்கு இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கிற?" என்பார். ஒரு நாள் டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டே என் கையிலிருந்த பாவாடையை வாங்கி ஹெம்மிங் போட்டுத் தந்தார். என்னுடையதைவிட நெருக்கமான தையல். இப்போது ஹெம்மிங்கில் பாதி அவருடையது. நான் தைக்கும் கறுப்பு மிதி மிஷினும் அவருடையதுதான்.

மிஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வீடுகளில் பாட்டி காலத்து சிங்கர் மிதி மிஷின் துணி மூடிக் கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே தவணை முறையில் விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. நம் குடும்பங்களிலும் மாதம் இவ்வளவு என்று கட்டி வாங்கியவர்கள் நிறைய. அதைத் தள்ளிவிட்டுப் புது மின் மிஷின் வாங்க வேண்டுமா? மிதி மிஷின் நேர்த்தையல் மட்டும் போடும். ஓரம் பிசிறாமல் இருக்க ஜிக்ஜாக் வராது. ஆனால் சத்தம் குறைவு, வேகம் உங்கள் காலில். அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்குக் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார். ஓரத்தை உள்ளே மடக்கி இரட்டைத் தையல் போட்டால் பிசிறும் இல்லை. பிள்ளைகளின் துணிக்கு அந்த முறை இன்னும் மெத்தென்று இருக்கும். நீட்டமாக இழுபடும் டீ-சட்டைத் துணி தைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஜிக்ஜாக் உள்ள மின் மிஷின் வேண்டும். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். நூற்றுக்கு எண்பது வேலை மிதியில்தான் நடக்கிறது. மின் மிஷின் வைத்திருப்பவர்கள் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். முடிந்தால் மிஷினுக்கென்று ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்குங்கள். எடுத்து வைக்கும் அரை மணி நேரம் மிச்சமானால் வாரநாளிலேயே ஒரு தையல் போட முடிகிறது.

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் குண்டூசிக்குப் பதில் துணி பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் உடையில் பொத்தான் வேண்டாம், கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறும் வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குப் போகும், மாட்டினால் கழுத்தை இறுக்கும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லாவற்றையும் நாமே தைக்க வேண்டுமா? கிடையாது. பள்ளிச் சீருடையை வாங்கிவிடுங்கள். ஆரம்பப்பள்ளிப் பெண்களின் கருநீலப் பினஃபோரில் உள்ள அந்த மடிப்பை வீட்டில் அப்படியே நிற்க வைக்க முடியவில்லை எனக்கு. கடையில் துணி விலைக்கே தைத்தது கிடைக்கிறது. ஓரளவு பெரிதாக வாங்கி, கீழே எட்டு சென்டிமீட்டர் உள்ளே மடித்துக் கைத்தையல் போட்டு, வருடா வருடம் கொஞ்சம் பிரித்து விடுகிறேன். பையனின் நீலக் காற்சட்டையும் அப்படித்தான்.

எனக்குப் பட்டுப்புடவை பிளவுஸ் மட்டும் தையற்கடைக்குப் போகிறது. அளவு எடுத்து, இன்னொருவர் என் முதுகைப் பார்த்து டக்கு வைத்தால்தான் அது உட்காரும். என் முதுகை நானே அளக்க முடியாது. ஆனால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுவேன். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டால் பல கடைகளில் ஆர்டர் முடிந்தது என்பார்கள். ஒரு வருடம் தாமதமாகக் கொடுத்து, தீபாவளிக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்குத்தான் கையில் வந்தது. கை இடுக்கில் இறுக்கம். பிரித்து விட உள்ளே துணியே விடவில்லை. அன்றிலிருந்து, கொடுக்கும்போதே "ரெண்டு பக்கமும் முக்கால் இஞ்சு உள்ள விடுங்கண்ணே" என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வழி, கையில் இருக்கும் திறமையை வருமானமாக்குவது. இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆசையை அடக்காமல், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள் என்பேன். நம் நாட்டில் 2025-இல் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, மணிக்கு 8.72 வெள்ளி. அதையே நம் கூலியாக வைப்போம். குழந்தைக்குப் பாவாடை சட்டை: துணி, லைனிங், ஜிப் எல்லாம் 40 வெள்ளி, ஐந்து மணி நேரக் கூலி 43.60. ஆக 83.60. கடையில் 60, 70-க்குத் தொங்குகிறது. பின்னல் சட்டை: நூல் 20 வெள்ளி, பத்து மணி நேரம் 87.20. ஆக 107.20. அந்த விலைக்கு நம் ஊர் வெயிலில் யார் வாங்குவார்? உங்கள் கூலியைக் குறைத்துக்கொண்டு விற்றால் பிள்ளைகளிடமிருந்து எடுத்த நேரத்தை ஒன்றுமில்லாமல் கொடுத்ததாக ஆகும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

காசு பார்ப்பது என்றால் ஆல்டர் வேலைதான். காற்சட்டை நீளம் குறைக்க நான் 8 வெள்ளி வாங்குகிறேன். மடித்து, வெட்டி, தைக்க 20 நிமிடம். மணிக்கு 24 வெள்ளி. துணி முதல் போட வேண்டாம், அளவு தப்பும் என்ற பயம் குறைவு, துணுக்கு நேரத்துக்கும் பொருந்தும். பழைய புடவையைப் பாவாடையாக்கித் தரச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் கடை விலையோடு ஒப்பிட மாட்டார்கள், அம்மாவின் புடவை என்று கொண்டுவருவார்கள். அந்த வேலையை நான் நிதானமாக, நல்ல விலைக்கு, வருடத்துக்கு நாலைந்து மட்டும் எடுக்கிறேன். தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் தொழில்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்மில் பதிந்துவிடுங்கள், சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும்.

தையலுக்காக வேலையையே விட்டுவிடலாமா என்று யோசித்த தங்கை ஒருத்திக்கு நான் சொன்னது: அதற்கு முன் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டுப் பார். 2023 ஜனவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கிடைத்தே தீரும் என்று இல்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கிடைத்தது. அவள் வாரத்தில் ஒரே வீச்சான நேரம் அதனால் ஒன்றரை மணி நேரம் கூடியது, பேருந்து நெரிசலும் தப்பியதால். இரண்டு மாதத்தில் மூன்று பாவாடை முடித்துவிட்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கும் என் தங்கைக்கு விடை வேறு. அவள் எல்.ஆர்.டி ரயிலில் நின்றுகொண்டே போகிறாள். ஒரு கை கம்பியில். பின்னல் பை அவளுக்குச் சுமைதான். ஆனால் சனிக்கிழமை முழுநாள் விடுமுறை, ஒரே பிள்ளை, அவனும் பன்னிரண்டு வயது, மிஷினுக்கென்று தனி அறை. அவள் பாதையிலேயே பண்டாராயா நிலையம். இறங்கினால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகள், இன்னும் கொஞ்சம் நடந்தால் ஜாலான் மஸ்ஜித் இந்தியா. வேலை விட்டு வரும்போதே லைனிங்கும் ஜிப்பும் வாங்கிவிடுவாள். எனக்கு அதற்கு ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போக வேண்டும், மாதத்தில் ஒரு முறைதான் நடக்கும். அதனால் அவள் முழுக்கத் தையல். பின்னலைத் தொடவே வேண்டாம் என்று நானே சொன்னேன். இதற்கு நேர்மாறாக, கைக்குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டு பேறுகால விடுப்பில் இருக்கும் அம்மாவுக்குக் கொக்கியும் ஐம்பது கிராம் பருத்தி நூலும் போதும். 98 நாள் விடுப்பில் மிஷின் பக்கம் போகவே வேண்டாம். உடம்பு தேறட்டும், குழந்தைக்கு ஒரு தொப்பி, ஒரு ஜோடிக் காலுறை, அது போதும்.

தைக்கத் தெரியாதவர்கள் தையலில் இறங்க நினைத்தால், இணையத்தில் மட்டும் பார்த்துக் கற்காமல் பக்கத்தில் உள்ள கொலேஜ் கோமுனிட்டியின் (அரசு சமூகக் கல்லூரி) குறுகிய காலப் பயிற்சியை விசாரியுங்கள். ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று கை பிடித்து வெட்டச் சொல்லித் தருவது வேறு.

கடல் காற்று வீசும் ஊர் இது, ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய ஊசி பட்டில் கறை விடும். மிஷின் ஊசியை எண்ணெய் தடவிய துணியில் சுற்றித் தகர டப்பாவில் வையுங்கள். வெட்டுவதற்கு முன் பருத்தித் துணியை நனைத்துக் காயப்போடுங்கள். முதல் துவையலில் சுருங்கும்.

இந்த வருடத்து 18 வாரத்துக்கு நான் போட்டிருக்கும் பங்கீடு இது. பெரியவளுக்குப் பாவாடை சட்டை, பையனுக்கு ஜிப்பா, அத்தைக்குப் பிளவுஸ்: மூன்றும் மிஷினில். ஜூலையில் துணி வாங்குவது, ஆகஸ்டில் இரண்டு ஞாயிறு வெட்டுவது, செப்டம்பரில் மிஷின், அக்டோபர் முழுக்க ஹெம்மிங். கணக்குப் பார்த்தால் 14 மணி நேர வேலை. எட்டு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் யாருக்காவது காய்ச்சல் வரும், யாராவது விருந்துக்கு வருவார்கள். மீதி ஞாயிறெல்லாம் பிள்ளைகளோடு கடற்கரைக்கு நானும் போவேன். என் பிளவுஸ் கடைக்கு.

சின்னவளுக்கு மட்டும் இரண்டையும் சேர்க்கப் போகிறேன். மேல்பாகம் பருத்தி நூலில் குரோஷா, பேருந்தில் போட்டு முடிக்கலாம். அதன் கடைசி வரிசையில் விட்ட ஓட்டைகளில் பாவாடைத் துணியைச் சுருக்கிக் கையால் பிடித்துத் தைத்தால் கவுன் ஆகிவிடும். மிஷினில் பக்கத்தையல் மட்டும், அரை மணி நேரம். பொத்தான் இல்லை, தலை வழியாக மாட்டலாம். மாம்பழ மஞ்சள் நூல் ஏற்கெனவே பையில் இருக்கிறது. ஆனால் அவளை செப்டம்பர் கடைசி வரை அளக்கப் போவதில்லை. இந்த வயதில் மாதத்துக்கு மாதம் வளர்கிறாள்.